‘சும்மா ஒரு தடவ போட்டுப் பாத்துரலாம்’

தலைப்புல இருக்கிற வாக்கியத்தை என் முன்னாடி யாராச்சும் சொன்னா இப்பல்லாம் எனக்குக் கை உதறுது. பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரை வச்சிருக்கிறவங்க, வாங்கினவங்க, பரண்ல கண்டெடுத்தவங்க எல்லாரும் இதைத்தான் முதல்ல சொல்றாங்க. மெஷினைத் துடைக்கிறது, ப்ளக்கைச் சொருகுறது, வீட்டுல இருக்கிற ஒரே ஒரு டேப்பை எடுத்து மாட்டுறது. ‘சும்மா ஒரு தடவ.’ அந்த ஒரு தடவைல என்ன போகும்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல என் யோக்கியதையைச் சொல்லிடறேன். நான் படிச்சது மெக்கானிக்கல். சோறு போடுறது ஜாவா. நாலு வருஷம் லிங்க், கேம், ஃப்ளைவீல், பெல்ட் டிரைவ்னு பக்கம் பக்கமா எழுதி பாஸ் பண்ணிட்டு, அதுல ஒண்ணைக்கூடக் கையால தொடாம பொட்டி தட்ட வந்த லட்சக்கணக்கானவங்கள்ல நானும் ஒருத்தன். ஸ்பூல் மெஷினோட அடி மூடியைக் கழட்டினப்போதான் அந்த செமஸ்டர் பாடம் மொத்தமும் ஒரே தகட்டுல உக்காந்திருக்கிறதைப் பாத்தேன்.

மெஷின் எங்க பெரியப்பாவோடது. கப்பல்ல வேலை பாத்தவர். 1976ல சிங்கப்பூர்ல வாங்கினது, ஜப்பான் தயாரிப்பு, ஒத்த மோட்டார். ரெண்டு வருஷம் கப்பல் கேபின்ல ஓடியிருக்கு, அப்புறம் திருநெல்வேலிப் பக்கம் எங்க ஊருக்கு வந்து சேந்திருக்கு. 1979ல எங்க கோயில் கொடைக்கு ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு. முத்துப்பட்டன் கதை. மைக் செட்டுக்காரர் கால்ல விழாத குறையா கெஞ்சி, மேடைக்குப் பக்கத்துலயே மெஷினை வச்சு அதைப் பதிவு பண்ணியிருக்கார் பெரியப்பா. மொத்தம் மூணு டேப். பாடினவர் இப்ப இல்லை. குடம் அடிச்சவர் இல்லை. பக்கத்துல உக்காந்து ‘ஆமா’ போட்டவர் இல்லை. முதல் டேப்புல, கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, எங்க ஆச்சி மைக் கிட்ட வந்து ‘நான் பேசுறதும் இதுல விழுமால?’ன்னு கேப்பாளாம். ஆச்சி குரல் வேற எதுலயும் இல்லை. இந்தக் கதையைச் சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன், குரலை மட்டும் கேட்டதில்லை.

2019ல, காலேஜ் கடைசி வருஷம், மெஷினையும் அந்த முதல் டேப்பையும் டவுன்ல ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனவன் நான்தான். கடை பேரெல்லாம் வேண்டாம். நாலு நாள் கழிச்சுப் போனேன். கண்டென்சர் ஏழெட்டு மாத்தியாச்சு, உள்ள எல்லா இடத்துலயும் ஸ்பிரே அடிச்சாச்சு, ‘இப்ப ஜம்முனு ஓடும் தம்பி, சும்மா ஒரு தடவ போட்டுப் பாத்துரலாம்’. போட்டார். அஞ்சு செகண்ட் கரகரன்னு சத்தம், அப்புறம் எதுவும் இல்லை. வலது பக்க ஸ்பூல் சுத்தவே இல்லை. ஆனா கேப்ஸ்டன் டேப்பை இழுத்துக்கிட்டே இருந்திருக்கு. இழுத்த டேப் போறதுக்கு இடமில்லாம கேப்ஸ்டன்லயே சுத்திக்கிச்சு, பின்ச் ரோலருக்கு நடுவுல கசங்கி, சுருண்டு, இடியாப்பம். அவர் பதறிப்போய் கத்திரிக்கோலை எடுத்தார். கசங்கின துண்டை வெட்டிக் குப்பைல போட்டார். ரெண்டு முனையையும் சாதா செல்லோ டேப்ல ஒட்டிக் குடுத்தார். ரெண்டு மீட்டர் இருக்கும். நான் பாத்துக்கிட்டு நின்னேன்.

இதுல எனக்கு ஆத்துற மாதிரி கோபம் இல்லை, இன்னிக்கும் இல்லை. ஏன்னா இதுல ஒவ்வொரு ஸ்டெப்பும் தப்பு. ஒண்ணொண்ணா வரேன்.

முதல்ல கண்டென்சர். ‘பழைய மெஷின்னா முதல்ல கண்டென்சரை மாத்து’ங்கிறது ஒரு மதமாவே ஆகிப்போச்சு. எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் காயும், உண்மைதான். ஹம் வரும், சத்தம் குறையும். மெயின்ஸ் பக்கத்துல இருக்கிற பழைய பேப்பர் கண்டென்சர் வெடிச்சுப் புகையும், அதைக் கண்டிப்பா மாத்தணும், அது உயிர் விஷயம். ஆனா ஸ்பூல் சுத்தாத மெஷினுக்குக் கண்டென்சர் மாத்துறது, கால் சுளுக்கினவனுக்குக் கண்ணாடி போட்டு விடுற மாதிரி. இந்த மெஷினோட வேலையே டேப்பை ஒரே வேகத்துல, ஒரே இழுவைல, ஹெட்டை உரசிக்கிட்டுப் போக வைக்கிறதுதான். 1935ல பெர்லின் கண்காட்சில ஜெர்மன்காரன் மேக்னடோஃபோனைக் காட்டினப்போலேர்ந்து அதுதான் வேலை. மத்ததெல்லாம் ஆம்ப்ளிஃபையர். நாப்பது அம்பது வருஷம் சும்மா கிடந்த மெஷின்ல முதல்ல சாகுறது ரப்பரும் கிரீஸும்தான். அதைச் சரிபார்க்க மீட்டர் உதவாது, விரல்தான் உதவும். தள்ளிப் பாக்கணும், சுத்திப் பாக்கணும், திரும்பி வருதான்னு பாக்கணும்.

ஏன் ஆரும் அதைப் பண்றதில்லைன்னா, கண்டென்சர் மாத்துறது சுலபம். பழசைக் கழட்டு, அதே நம்பர்ல புதுசை வை. யோசிக்க வேண்டியதில்லை. எங்க ஆபீஸ்லயும் இதே கூத்துதான்: ப்ரொடக்‌ஷன்ல ஏதாச்சும் புட்டுக்கிச்சுன்னா முதல்ல சர்வரை ரீஸ்டார்ட் பண்ணு, லைப்ரரி வெர்ஷனை மாத்து. என்ன நடந்துச்சுன்னு மட்டும் பாத்துடாத. அதனால இந்தத் திட்டு எனக்கும் சேத்துத்தான்.

ரெண்டாவது, ஸ்பிரே. அந்த நீலமும் மஞ்சளுமா இருக்கிற டப்பா, எல்லார் வீட்டுலயும் இருக்கு. துருப்பிடிச்ச போல்ட்டுக்கு அருமையான சாமான். டேப் ரெக்கார்டருக்கு எமன். அதுல பெரும்பகுதி கரைப்பான், கொஞ்சம் லேசான எண்ணெய். மோட்டார், கேப்ஸ்டன் புஷ்ஷெல்லாம் பெரும்பாலும் எண்ணெய் ஊறின வெண்கலம், துளைத்துளையா இருக்கும், எண்ணெயை உள்ள தேக்கி வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா விடும். ஸ்பிரே அந்த எண்ணெயைக் கழுவி விட்டுட்டுத் தானும் ஆவியாயிடும். அடிச்ச அன்னிக்கு ‘ஆஹா’ன்னு சுத்தும், கொஞ்ச நாள்ல கீச்சுனு கத்தும். அது போதாதுன்னு தெறிச்சது பெல்ட்ல படும், ஐட்லர்ல படும், பிரேக் ஃபெல்ட்ல படும். இந்த மூணும் உராய்வை நம்பிப் பிழைக்கிற ஜீவன்கள். எண்ணெய் பட்ட பிரேக்கோட ரீவைண்ட் பண்ணி ஸ்டாப் அமுக்கிப் பாருங்க, ஒரு ஸ்பூல் நிக்கும், இன்னொண்ணு சுத்திக்கிட்டே இருக்கும். நடுவுல மாட்டுறது உங்க டேப்.

அப்ப என்னதான் பண்ணணும்?

2021ல ஊருலேர்ந்தே ஆணி புடுங்கின காலத்துல நானே திறந்தேன். திறந்ததும் பாத்தது கிரீஸ். ஒரு காலத்துல வெள்ளையா, கொழகொழன்னு இருந்திருக்கும். இப்ப வேப்பம்பிசின். பிளே பட்டன் அமுக்கினா ஒரு லிவர் இன்னொரு லிவரைத் தள்ளி, அது பின்ச் ரோலர் கையைத் தள்ளி, கூடவே ஐட்லர் சக்கரத்தை வலது பக்க ஸ்பூல் மேசையோட விளிம்புல கொண்டுபோய் ஒட்ட வைக்கணும். அந்த லிவர் சுத்துற ஊசியில கிரீஸ் பிசினாகி இறுகினதால ஐட்லர் முக்கால் தூரம் போய் நின்னுடுச்சு. ஸ்பூல் சுத்தாததுக்குக் காரணம் அவ்வளவுதான். ஒரு சர்க்ளிப்பைக் கழட்டி, லிவரை வெளில எடுத்து, ஐசோபுரோபைல் ஸ்பிரிட்ல ஊறப்போட்டு, துடைச்சு, துளியூண்டு புது கிரீஸ் வச்சு மாட்டினா முடிஞ்சது. செலவு முப்பது ரூபா. (சர்க்ளிப் பறந்து கட்டிலுக்கு அடில போய் ரெண்டு மணி நேரம் தேடினது தனி. கழட்டும்போது மேல ஒரு துணியைப் போட்டு மூடிக்கோங்க சாமி.)

இந்த இடத்துல இன்னொரு அறிவுரையும் உலாத்துது: ‘ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டி டைட் பண்ணு.’ பண்ணாதீங்க. பிசினை ஜெயிக்கிறதுக்கு ஸ்பிரிங்கை டைட் பண்ணினா, பிசினைக் கழுவின அன்னிக்குப் பின்ச் ரோலர் கேப்ஸ்டனை நசுக்க ஆரம்பிக்கும், புஷ் ஒரு பக்கமாத் தேயும்.

அடுத்தது பெல்ட். எங்களுது லொடலொடன்னு தொங்கிட்டு இருந்துச்சு. அது அதிர்ஷ்டம்னே சொல்லணும். சில மெஷின்ல பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருக்கும், தொட்டா ஒரு வாரத்துக்கு விரல் கறுப்பு. பெல்ட் போற வழியில நூலைச் சுத்தி அளந்து, அதுல 5 சதவீதம் போலக் கம்மியா ஒரு தட்டை பெல்ட் வாங்கினேன். ஐட்லர் ரப்பர் கண்ணாடி மாதிரி பளபளன்னு கெட்டியாயிருந்தது, மெல்லிசு எமரி தாள்ல லேசாத் தேய்ச்சதும் பிடிமானம் வந்துடுச்சு. பிரேக் ஃபெல்ட்ல கடைக்காரர் அடிச்ச ஸ்பிரே ஊறியிருந்ததால புது ஃபெல்ட் வெட்டி ஒட்டினேன்.

இவ்வளவுக்கும் அப்புறமும் டேப்பைத் தொடலை. ஒண்ணுத்துக்கும் உதவாத ஒரு பழைய டேப்பை மாட்டி ஓட்டினேன். வாரக்கணக்குல. ஓட்டு, நிறுத்து, ரீவைண்ட், நிறுத்து. பாட்டு ஓடுச்சு, ஆனா நீட்டி இழுக்கிற சுரத்துல ஒரு ஆட்டம். எங்கேர்ந்துன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கதான் பொட்டி தட்டுற புத்தி உதவிச்சு. உதவாத டேப்புல 3,000 ஹெர்ட்ஸ் விசில் ஒண்ணைப் பதிவு பண்ணி, திரும்ப ஓட்டி, கம்ப்யூட்டர்ல எடுத்தேன். பைத்தான்ல இருபது வரி எழுதி, அந்த விசிலோட சுருதி செகண்டுக்கு எத்தனை தடவ ஏறி இறங்குதுன்னு பாத்தேன். கிட்டத்தட்ட ரெண்டு தடவ.

இப்போ கணக்கு. டேப்போட வேகம் செகண்டுக்கு 19.05 சென்டிமீட்டர். வெர்னியரை வச்சு அளந்தா கேப்ஸ்டன் 8 மில்லிமீட்டர், சுத்தளவு 25, அதாவது செகண்டுக்கு ஏழரைச் சுத்து. பின்ச் ரோலர் 30 மில்லிமீட்டர், சுத்தளவு 94, செகண்டுக்கு ரெண்டு சுத்து. ஏழு இஞ்சு ஸ்பூல்னா நிறைஞ்சிருக்கும்போது மூணு செகண்டுக்கு ஒரு சுத்து, காலியாக ஆக செகண்டுக்கு ஒண்ணு வரைக்கும் வேகம் ஏறும். ஆக, ரெண்டு தடவ ஆடுறது யாரு? பின்ச் ரோலர்! கழட்டி வெளிச்சத்துல உருட்டிப் பாத்தா ஒரு பக்கம் தட்டை. எந்தக் காலத்துலயோ பிளே பட்டனை அமுக்கின நிலைமைலயே கரண்டை நிறுத்திட்டுப் போயிருக்காங்க, ரப்பர் வருஷக்கணக்கா கேப்ஸ்டன்ல அமுங்கியே கிடந்திருக்கு. சிவகாசில பிரஸ் ரோலருக்கு ரப்பர் ஏத்துற பட்டறை ஒண்ணுல புது ரப்பர் ஏத்தி, அளவுக்குக் கடைஞ்சு வாங்கினேன். எவ்வளவோ பெரிய ரோலருக்கு நடுவுல நம்ம கட்டைவிரல் சைஸ் ரோலரைப் பாத்து அந்த அண்ணாச்சி சிரிச்ச சிரிப்பு இருக்கே... ஆனா வேலை சுத்தம். ‘இது எதுக்கு’ன்னு கேட்டார், ‘எங்க ஆச்சி பேசுறதைக் கேக்க’ன்னேன். ஒரு மாதிரி பாத்தார் :-)

‘உனக்கென்ன, ஐ.டி.ல சம்பளம், வீட்டுல நேரம். மெக்கானிக்குக்கு ஐந்நூறு ரூபா வேலைல மூணு மாசம் உக்கார முடியுமா?’ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயம்தான். முடியாது. அதுக்கு ஒரு நாகரிகமான பதில் இருக்கு: ‘இது எனக்குத் தெரியாது தம்பி, எடுத்துட்டுப் போ.’ அதைச் சொல்றதுக்குக் காசே வேண்டாம். அன்னிக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தா நான் இன்னும் அவரைக் கும்பிட்டுக்கிட்டு இருப்பேன். அப்புறம், டேப்பை வெட்டினது. கசங்கின டேப்பை வெட்டவே வேண்டாம்! மெதுவா நீவி விட்டா, சத்தம் நடுநடுவுல மங்கி மங்கியாவது வரும். மடிப்பு விழுந்த டேப்புல காந்தப் பதிவு அப்படியேதான் இருக்கு. வெட்டிக் குப்பைல போட்ட டேப்புலதான் ஒண்ணும் இருக்காது. ஒட்டியே ஆகணும்னா அதுக்குன்னு ஸ்ப்ளைசிங் டேப் இருக்கு. சாதா செல்லோ டேப்போட பசை கசிஞ்சு அடுத்த சுத்தையும் சேத்து ஒட்டிக்கும்.

சரி, இதோட என் வெற்றிக் கதைன்னு முடிச்சுட்டு எஸ்கேப் ஆகியிருக்கலாம். ஆனா 2023ல எல்லாம் சரியானதுக்கு அப்புறம் உண்மையான டேப்பை மாட்டினேன் பாருங்க, அங்க எனக்கு ஒரு செருப்படி விழுந்துச்சு.

பெரியப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு பிளேயை அமுக்கினேன். கீச்சு கீச்சுன்னு எலிக்குஞ்சு கும்பலா வில்லுப்பாட்டு பாடுது! உடுக்கு தகரடப்பா மாதிரி கேக்குது. பெரியப்பா முகத்துல ஈயாடலை. ‘என்னல பண்ணித் தொலைச்ச?’ன்னாரு.

மோட்டார் கப்பில ரெண்டு படி இருக்கும். 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்குப் பெரிய படி, 60க்குச் சின்ன படி. இந்த வகை மோட்டார் வோல்டேஜைப் பாத்து ஓடாது, ஹெர்ட்ஸைப் பாத்துத்தான் ஓடும். 60ல நிமிஷத்துக்கு 1,800 சுத்தினா 50ல 1,500தான். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் படி. நான் திறந்தப்போ பெல்ட் சின்ன படில இருந்துச்சு. கடைக்காரர் தப்பா மாட்டியிருப்பார்னு நினைச்சு, மனசுக்குள்ள இன்னும் ரெண்டு திட்டு திட்டிட்டு, சர்வீஸ் மேனுவல்படி பெரிய படிக்கு மாத்தினேன். நம்ம ஊர்ல 50 ஹெர்ட்ஸ்தானே. சரியான வேலை. இல்லையா?

கடைக்காரர் அதைத் தொடவே இல்லை. கப்பல்ல 60 ஹெர்ட்ஸ் கரண்ட். 1976ல கப்பல் எலக்ட்ரீசியன் பெல்ட்டைச் சின்ன படிக்கு மாத்திக் குடுத்திருக்கார். ஊருக்கு வந்தப்போ பெரியப்பா வோல்டேஜ் செலக்டரை மட்டும் திருப்பிட்டு ஓட்டியிருக்கார். அதனால 1979ல பதிவு பண்ணினப்போ டேப் 19.05க்குப் பதிலா 15.9 சென்டிமீட்டர் வேகத்துல போயிருக்கு. அதே மெஷின்ல போட்டுக் கேட்டா ரெண்டு தப்பும் சேந்து சரியாயிடும். நான் ஒரு தப்பை மட்டும் திருத்தினேன்.

சாட்சி டேப்புக்குள்ளயே இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல எடுத்துப் பாத்தா பாட்டுக்கு அடில மெல்லிசா ஒரு ஹம். நம்ம ஊர்ல பதிவான ஹம் 50ல இருக்கணும். இது கோடு போட்ட மாதிரி 60ல நிக்குது. இன்னொரு சாட்சி பெரியப்பா வாய்லேர்ந்தே வந்துச்சு. ‘ஒரு பக்கம் முப்பத்தெட்டு நிமிஷம் ஓடும்ல, மணி பாத்துத்தான் டேப்பை மாத்துவேன்.’ 1,200 அடி டேப் 19.05ல 32 நிமிஷம்தான் ஓடும். 15.9ல போட்டுப் பாருங்க, முப்பத்தெட்டு சொச்சம். கப்பல்ல பதிவு பண்ணின பாட்டெல்லாம் வீட்டுல சோர்ந்துபோய்ப் பாடுமாம். லோ வோல்டேஜ்னு நாப்பது வருஷமா கரண்டைத் திட்டியிருக்கார் மனுஷன்.

ஆக, மேனுவல்ல இருக்கிறபடி ‘சரி’ பண்றதும் ஒரு வகையில ‘சும்மா போட்டுப் பாக்குறது’தான். பெல்ட் எந்தப் படில இருந்துச்சுன்னு என்கிட்ட போட்டோ இருந்துச்சு. ஏன் அங்க இருக்குன்னு நான் கேட்டுக்கலை. அன்னிக்குக் கடைல கண்டென்சர் மாத்தினவருக்கும் எனக்கும் அந்த ஒரு நிமிஷத்துல பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லை. நல்லவேளையா, இந்தத் தப்புல டேப்புக்குச் சேதம் இல்லை.

காப்பி எடுத்ததை கம்ப்யூட்டர்ல ஆறுல அஞ்சு பங்கு வேகத்துக்குக் குறைச்சேன். அச்சு அசலா மனுஷக் குரல். பெரியப்பா கம்ப்யூட்டர்ல கேக்க மாட்டேன், மெஷின்லதான் கேப்பேன்னாரு, அதனால பெல்ட்டைத் திரும்பச் சின்ன படிக்கே மாத்திக் குடுத்துட்டேன். மேனுவல் கிடக்குது.

மீதி ரெண்டு டேப் இன்னும் டப்பாலயேதான் இருக்கு. ஒண்ணைத் திறந்தா வினிகர் நாத்தம் அடிக்குது. வெளிச்சத்துக்கு நேரா ஸ்பூலைப் பிடிச்சா ஊடே வெளிச்சம் தெரியுது, அப்ப அது அசிடேட் டேப். பாலியெஸ்டர் மாதிரி இழுபடாது, பட்டுன்னு அறும். சில ஒட்டுற டேப்புகளை அம்பது சொச்சம் டிகிரில மணிக்கணக்கா சூடு பண்ணித்தான் ஓட்டுவாங்க, அதைப் பாத்துட்டு இதையும் அடுப்புல வைக்கச் சொல்றவங்க இருக்காங்க. அசிடேட்டைச் சூடு பண்ணவே கூடாது. டேப்போட இழுவையை இன்னும் குறைக்கிறதுக்கு வழி பண்ணிட்டுத்தான் அதுல கை வைப்பேன். பெரியப்பாவுக்கு அவசரம், எழுவது தாண்டியாச்சு, வாரா வாரம் போன் பண்ணிக் கேக்கிறார். என்கிட்ட பதில் ஒண்ணுதான்: பொறுங்க.

முதல் டேப்பை அவர் முழுசாக் கேட்டார். கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, செல்லோ டேப் ஒட்டின இடத்துல (இப்ப ஒழுங்கா ஒட்டியிருக்கேன்) ‘டொப்’புனு ஒரு சத்தம். அதுக்கு முன்னாடி ஜனக்கூட்டத்தோட இரைச்சல், அதுக்கு அப்புறம் வீசுகோல் மணி. நடுவுல ஆச்சி இல்லை. நான் இத்தனை வருஷமா ‘பத்து செகண்ட்தான் பெரியப்பா போச்சு’ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். ரெண்டு மீட்டர், 19.05 வேகம், பத்தரை செகண்ட்னு கணக்கு. படி விஷயம் தெரிஞ்சப்புறம் கணக்கு மாறுது, 15.9ல ரெண்டு மீட்டர்னா பன்னெண்டரை. சொல்லாமலே விட்டிருக்கலாம். புத்தி கேக்கலை, சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் ஸ்பூல் சுத்துறதையே பாத்துட்டு இருந்தார்.

‘அப்ப ரெண்டு செகண்டு கூடப் போச்சால?’ன்னாரு.